கடலைக்காட்டில் ஐந்து நாள்

முதல் நாள், ஏதென்ஸ் (அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம்)

அட்லாண்டாவில் விமானம் விட்டு இறங்கியதும் கை தானாகத் தோள்பையின் பக்கவாட்டு உறையைத் தடவிப் பார்த்தது. காலி. ஒரு நொடி நெஞ்சு திக்கென்றது. பிறகுதான் சின்னவன் என்னோடு வரவில்லை என்பது உறைத்தது. ஒவ்வாமை முற்றி மூச்சுத் திணறினால் போடும் எபிநெஃப்ரின் ஊசி இரண்டும் வீட்டில், அவன் அப்பாவிடம். ஐந்து வருடமாக அந்த உறை காலியாக இருந்ததே இல்லை.

சின்னவனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியில் ஒரு விரல் அளவு தின்றான். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸில் அவனை மடியில் வைத்துக்கொண்டு போன அந்தத் தூரத்தை நான் இன்னும் கடந்து முடிக்கவில்லை.

இந்த ஜூனில் அவனுக்கு வாய்வழி நோயெதிர்ப்புச் சிகிச்சை தொடங்கினோம். தினமும் அளந்து வைத்த கடலை மாவைக் கொடுத்து உடம்பைப் பழக்குவது. 3 மில்லிகிராம் கடலைப் புரதத்தில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு படி வீதம் பதினோரு படி ஏறி 300 மில்லிகிராமுக்குப் போக வேண்டும். ஒரு முழுக் கடலைப் பருப்பில் இருக்கும் புரதமே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த ஒரு பருப்புக்காக ஆறு மாதம். இப்போது 80இல் நிற்கிறான். நான் ஊர் திரும்பியதும் 120.

அமெரிக்காவில் விளையும் கடலையில் ஏறத்தாழ பாதி ஜார்ஜியா மாநிலத்தில்தான் விளைகிறது. செப்டம்பர், அறுவடைக் காலம். என் பிள்ளையை இப்படி ஆட்டிவைக்கும் செடியை மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வாமை தராத கடலை என்று ஒன்று வருமா என்று அதை வளர்ப்பவர்களிடமே கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு வண்டி ஓட்ட வந்தான். "அக்கா, அஞ்சு நாளும் உன் கூடக் கடலையைத்தான் பார்க்கணுமா?" என்றான். ஆமாம் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள், ஏதென்ஸ்

விடியற்காலை ஆறரைக்கே பசுமைக்குடிலில் இருந்தோம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கடலை ஆராய்ச்சி செய்யும் தமிழ்ப் பெண் ஒருத்தி எங்களுக்காக அனுமதி வாங்கி வைத்திருந்தாள். "சீக்கிரம் வாங்கக்கா, பத்து மணி ஆச்சுன்னா பூ வாடிடும்" என்று முந்தின இரவே சொல்லியிருந்தாள்.

கடலைப் பூ அவ்வளவு சின்னது. மஞ்சள் நிறம், விரல் நகம் அளவு. விடியும்போது விரிந்து மதியத்துக்குள் துவண்டுவிடும். விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அதனால் இரண்டு ரகங்களைக் கலக்க நினைப்பவர்கள் முந்தைய மாலையே மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை எடுத்துவிட வேண்டும். நேற்று மாலை அப்படித் தயார் செய்து, காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்த பூ ஒன்றை அந்தப் பெண் காட்டினாள். தலையில் உருப்பெருக்கிக் கண்ணாடி, கையில் ஊசிமுனைச் சாமணம். வேறொரு செடியின் பூவைக் கிள்ளி, அதன் அடியைப் பிதுக்கி, சாமண நுனியில் ஒட்டிய மஞ்சள் பசையை இந்தப் பூவின் சூல்முடியில் தொட்டு வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு பூவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் காலை முழுக்கச் செய்தாலும் கைப்பிடி விதைகூடத் தேறாது என்றாள். ஒட்டினால் ஒரு பூவுக்கு ஒரு காய், ஒரு காயில் ஒன்றிரண்டு விதை.

அடுத்த மேசையில் காட்டுக் கடலைகள். தரையோடு படர்ந்து, மெலிந்த இலையோடு, களை என்று பிடுங்கி எறியத் தோன்றும் செடிகள். இங்கே டேவிட் பெர்டியோலி, சொராயா லியல்-பெர்டியோலி என்ற கணவனும் மனைவியும் பல வருடமாக இந்தக் காட்டுச் செடிகளை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். இந்தப் பயணத்தில் நான் கேட்டதிலேயே அழகான கதை அவர்கள் பங்குகொண்ட ஆராய்ச்சியில் இருக்கிறது.

நாம் தின்னும் கடலை இரண்டு காட்டுச் செடிகளின் பிள்ளை. ஒன்று அராக்கிஸ் டுரானென்சிஸ், மற்றது அராக்கிஸ் இபாயென்சிஸ். இரண்டுக்கும் இருபது இருபது குரோமோசோம்கள். ஏறக்குறைய பத்தாயிரம் வருடத்துக்கு முன்னால், தென் அமெரிக்காவில் யாரோ ஒருவருடைய தோட்டத்தில் இரண்டும் கலந்து, குரோமோசோம் இரட்டித்து, நாற்பதோடு ஒரு புதுச் செடி முளைத்தது. இந்த இபாயென்சிஸ் பொலிவியாவில் ஒரே ஓர் இடத்தில்தான் கிடைத்திருக்கிறது. மற்ற உறவுச் செடிகளெல்லாம் தூரத்தில் இருக்க, இது மட்டும் அங்கே எப்படி வந்தது? அந்தக் காலத்து மனிதர்கள் கையோடு கொண்டுவந்து நட்டிருக்க வேண்டும். 2016இல் இரண்டு காட்டுச் செடிகளின் மரபணுத் தொகுதியையும் வாசித்தபோது, இபாயென்சிஸின் டிஎன்ஏவும் நம் கடலையில் அதற்கு நேரான பாதியும் 99.96 சதவீதம் ஒத்துப்போயின. யாரோ மூட்டையில் கட்டி நடந்த அதே விதையின் வழித்தோன்றல்தான் அந்தக் காட்டுச் செடி. நாற்பது குரோமோசோம் கொண்ட நம் கடலையின் முழுத் தொகுதி 2019இல் வெளிவந்தது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அந்தக் கலப்பு மிக அரிதாக நடந்தது. அதனால் உலகத்தில் உள்ள கடலையெல்லாம் நெருங்கிய சொந்தம். ஒரு நோய் வந்தால் எல்லாமே ஒன்றுபோல் விழும். எதிர்ப்புச் சக்தி காட்டில்தான் இருக்கிறது. ஆனால் இருபது குரோமோசோமும் நாற்பதும் நேரடியாகச் சேர்ந்தால் விளங்காது. எனவே இரண்டு காட்டுச் செடிகளை முதலில் தங்களுக்குள் கலக்கிறார்கள். பிறக்கும் செடி மலடு. அதன் தண்டைக் கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளின் கரைசலில் ஊறவைத்தால் குரோமோசோம் இரட்டித்து நாற்பதாகி, அது காய்க்கத் தொடங்கும். பத்தாயிரம் வருடத்துக்கு முன் தோட்டத்தில் தற்செயலாக நடந்ததை இங்கே வேண்டுமென்றே நடத்துகிறார்கள்.

"இதுல அலர்ஜிப் புரதம் குறைவா இருக்கிற காட்டுச் செடி ஏதும் இல்லையாம்மா?" என்று கேட்டேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "அந்தப் புரதம் விதையோட சேமிப்பு அக்கா. முளைக்கிறதுக்கான சோறு அது. இலைப்புள்ளி, துரு, வேர்முடிச்சுப் புழு, இதுக்குத்தான் நாங்க காட்டுச் செடிகிட்ட போறோம். உங்க கேள்விக்கு நீங்க டிஃப்டன் போகணும்" என்றாள்.

போனோம். தெற்கே மூன்றரை மணி நேரம். மேக்கன் தாண்டியதும் சிவந்த களிமண் மறைந்து மணல் கலந்த வெளுத்த மண் தொடங்கிவிட்டது.

இரவு வீட்டுக்குப் போன் போட்டேன். சின்னவன் சாப்பிட்டுவிட்டு 80 மில்லிகிராமை ஆப்பிள் கூழில் கலந்து விழுங்கியிருந்தான். இனி மூன்று மணி நேரம் ஓடியாடக் கூடாது, வெந்நீர்க் குளியல் கூடாது. "அம்மா, அந்தச் செடிக்கு முள் இருக்கா?" என்றான். இல்லை கண்ணா, மஞ்சள் பூ இருக்கிறது என்றேன்.

மூன்றாம் நாள், டிஃப்டன்

கடலைக்காட்டில் முதலில் வந்து மோதுவது வாசனைதான். ஈர மண்ணும் பச்சைப் பருப்பும் கலந்த வாசனை. எனக்கு ஒரு கணம் கால் நகரவில்லை. ஐந்து வருடமாக எந்த வாசனையைக் கண்டு ஓடினேனோ அது பல ஏக்கருக்குக் காற்றில் நிற்கிறது. தம்பி முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா வாக்கா" என்றான்.

பூ பூத்துக் கருவுற்றதும் அதன் அடியிலிருந்து ஒரு விழுது நீண்டு, குனிந்து, மண்ணைக் குத்தி உள்ளே போகிறது. அதன் நுனியில்தான் காய். விழுது இறங்க மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். தெற்கு ஜார்ஜியாவின் மணல் மண் அதற்காகவே விரித்த பாய் மாதிரி இருக்கிறது. ஒரு செடியைப் பிடுங்கித் தந்தார் காட்டுக்காரர், அறுபது வயதுப் பெரியவர். ஒரே செடியில் பூ, பாதி தூரம் இறங்கிய விழுது, பால் காய், முற்றிய காய் எல்லாம் ஒன்றாக இருந்தன. அதுதான் உழவரின் தலைவலியும். எப்போது பிடுங்குவது?

அதற்கு அவர் காட்டிய முறையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். ஒரு கூடைக் காயைக் கம்பி வலையில் போட்டு, வேகமான தண்ணீர்ப் பீச்சலால் மேல் தோலை உரித்தார். உள்தோட்டின் நிறம் வெளியே வந்தது. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கறுப்பு. நிறப் பட்டைகள் வரைந்த ஒரு பலகையில் ஒவ்வொரு காயையும் அதனதன் நிறத்தில் அடுக்கினார். கறுப்பு என்றால் முற்றியது. பழுப்பும் கறுப்பும் எவ்வளவு கூடியிருக்கின்றன என்பதை வைத்து இன்னும் எத்தனை நாள் காத்திருக்கலாம் என்று சொல்லிவிடுகிறார். பிடுங்கும் இயந்திரம் செடியை வேரோடு தூக்கித் தலைகீழாகப் புரட்டிப் போடுகிறது. காய் மேல் பார்த்தபடி இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்த பிறகே காயைப் பிரிக்கும் இயந்திரம் வரும்.

அவர் போட்டிருந்தது ஜார்ஜியா-06ஜி. இந்த மாநிலத்தில் எங்கே திரும்பினாலும் அந்த ரகம்தான். 1990களில் தக்காளிப் புள்ளி வாடல் வைரஸ், இலைப்பேன் வழியாகப் பரவி, இங்கே கடலையை அழிக்கப் பார்த்தது. தாங்கும் ரகங்களைப் பில் பிராஞ்ச் போன்றவர்கள் இதே டிஃப்டனில் உருவாக்கிக் கொடுத்ததால்தான் பயிர் தப்பித்தது. 2006இல் வந்த 06ஜியும் அவருடையது. வேர்முடிச்சுப் புழுவுக்குக் கார்லி ஹோல்புரூக் குழுவின் டிஃப்கார்டு. அந்த எதிர்ப்பும் ஒரு காட்டுக் கடலையிடமிருந்து வாங்கியது.

இனி என் கேள்வி. இதே டிஃப்டனில் பெக்கி ஓசியாஸ்-ஏக்கின்ஸ் குழு அதைக் கையிலெடுத்துப் பார்த்திருக்கிறது. கடலையில் ஒவ்வாமை தரும் புரதங்கள் பல. அவற்றில் மிகக் கடுமையானவை அரா எச் 2, அரா எச் 6 என்ற இரண்டு. உருவத்தில் சின்னவை, கந்தகப் பிணைப்புகளால் இறுக்கிக் கட்டப்பட்டவை. வறுத்தாலும் சரி, வயிற்று அமிலத்தில் ஊறினாலும் சரி, சட்டென்று சிதையாது. அந்த இரண்டின் மரபணுக்களையும் ஒரே சமயத்தில் மௌனமாக்கி ஒரு கடலையை உருவாக்கி, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தத்தில் இருக்கும், ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ எதிர்ப்பொருள் அந்தப் பருப்பில் ஒட்டுவது குறைந்தது. அந்தப் புரதங்கள் விதைக்குக் காவலாகவும் இருக்குமோ, அவை போனால் பூஞ்சை ஏறுமோ என்று சோதித்தார்கள். பூஞ்சை கூடவில்லை.

படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. பதினாறு வருடம் முன்னாலேயே செய்துவிட்டார்களா! அப்படியானால் ஏன் கடையில் இல்லை?

பதில் ஒன்றல்ல. அரா எச் 1, அரா எச் 3 என்று மீதிப் புரதங்கள் அப்படியே இருக்கின்றன. பருப்பின் எடையில் கால் பங்கு புரதம், அதில் பெரும்பகுதி இந்தச் சேமிப்புப் புரதங்கள். எல்லாவற்றையும் எடுத்தால் அது கடலையாக இருக்காது. இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்த பிரதிகள் இருப்பதால் ஒவ்வொன்றையும் தேடித் தேடி அணைக்க வேண்டும். அப்படியே அணைத்தாலும், களத்தில், கிடங்கில், உடைக்கும் ஆலையில் ஒரு சாதாரணப் பருப்பு கலந்துவிட்டால்? பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். "ஒவ்வாமை குறைந்த கடலை" என்று எழுதிய பொட்டலத்தை நான் பிரித்துச் சின்னவனிடம் கொடுப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மாட்டேன். அந்த விடை வந்தபோது நடுக்காட்டில் அழுதுவிட்டேன். எதைத் தேடி வந்தேனோ அது கிடைத்தாலும் என் கை அதைத் தொடாது.

மாலை அறைக்குத் திரும்பியதும் இருவரும் உடை மாற்றி, போட்டிருந்ததை எல்லாம் இரண்டு முறை துவைத்தோம். காலணியையும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தூசியால் அவ்வளவு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தெரியும். இருந்தாலும் தேய்த்தேன்.

நான்காம் நாள், ஆஷ்பர்ன் வழியாக அட்லாண்டா

நெடுஞ்சாலை ஓரம் ஆஷ்பர்னில் பெரிய கடலைச் சிலை. 2018இல் மைக்கேல் புயல் சாய்த்த பிறகு மறுபடி அமைத்திருக்கிறார்கள். தம்பி படம் எடுத்துக்கொண்டான்.

சாலையோரம் எங்கு பார்த்தாலும் "அவித்த கடலை" என்று கையால் எழுதிய பலகைகள். அதைப் பார்த்ததும் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. கடலையைத் தண்ணீரில் வேகவைத்தால் புரதத்தில் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடுகிறது, மீதியும் ஓரளவு உருமாறுகிறது. எண்ணெய் விடாமல் வறுத்தாலோ ஒவ்வாமைத் தன்மை ஏறுகிறது. இதைப் பயன்படுத்தி 70 பிள்ளைகளுக்கு முதலில் 12 மணி நேரம் அவித்த கடலை, பிறகு 2 மணி நேரம் அவித்தது, கடைசியில் வறுத்தது என்று ஒரு வருடம் கொடுத்தார்கள். 56 பேர் தேறினார்கள். 2023இல் வெளியானது. எல்லாம் மருத்துவர் கண்காணிப்பில். இதைப் படிக்கும் அம்மாக்கள் யாரும் வீட்டில் குக்கர் வைத்து ஆரம்பித்துவிடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அவித்த கடலையும் கடலைதான்.

வண்டியில் வரும்போது தம்பியிடம் இத்தனை வருடம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். சின்னவனுக்கு மூன்று மாதத்திலிருந்தே தோலில் கடுமையான கரப்பான். நாங்கள் அப்போது பார்த்த மருத்துவர், "கடலையெல்லாம் இப்போ வேண்டாம், மெதுவா பார்த்துக்கலாம்" என்றார். நான் தள்ளிப்போட்டேன். ஆனால் 2015லேயே லண்டனில் கிடியன் லாக் குழுவின் லீப் ஆய்வு வந்துவிட்டது. கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளில், பதினோரு மாதத்துக்குள் கடலை தரத் தொடங்கி ஐந்து வயது வரை விடாமல் தந்தவர்களுக்கு, தவிர்த்தவர்களைவிட ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவு. 2017இல் அமெரிக்காவின் வழிகாட்டுதலே மாறியது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு, நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கச் சொல்கிறது. சின்னவன் பிறந்தது 2018. அந்தக் காகிதம் எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. லீப் ஆய்வின் அதே பிள்ளைகளைப் பதின்ம வயதில் மறுபடி பார்த்து 2024இல் வெளியிட்டிருக்கிறார்கள். இடையில் இஷ்டப்படி தின்றும் விட்டும் இருந்தபோதும், சின்ன வயதில் கடலை தின்றவர்களுக்கு ஒவ்வாமை 71 சதவீதம் குறைவாகவே இருந்திருக்கிறது.

"தெரிஞ்சா செய்யாம விட்டிருப்பியாக்கா?" என்றான் தம்பி. கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரம் கட்டித் தண்ணீர் கொடுத்தான்.

எந்தச் செடியைப் பழித்துக்கொண்டு வந்தேனோ அதையே அரைத்துத்தான் என் பிள்ளைக்கு மருந்தாகத் தருகிறார்கள் என்பது மூன்று மாதமாக என் கையிலேயே இருக்கும் உண்மை. இந்த மண்ணில் நின்ற பிறகுதான் அது மனதில் இறங்கியது. இன்றைக்குத் தரும் 80 மில்லிகிராமும் நாளைக்குத் தரும் 80 மில்லிகிராமும் ஒன்றாக இருக்க வேண்டும். அரா எச் 1, 2, 6 அளவு பார்த்து ஒழுங்குபடுத்திய மாவு அது. அதைக் கேள்விப்பட்டபோது சாமண நுனியில் ஒட்டிய மஞ்சள் பசைதான் கண்ணில் வந்தது.

ஐந்தாம் நாள், மருத்துவமனை

இது எங்கள் ஊர். ஆனாலும் பயணக் குறிப்பில் சேர்க்கிறேன், நான் போய்ச் சேர்ந்த இடம் இதுதான் என்பதால்.

காலை ஒன்பது மணிக்கு ரத்த அழுத்தம், மூச்சளவு பார்த்தார்கள். செவிலியர் உறைகளைத் திறந்து மாவைத் தயிரில் கொட்டிக் கலக்கினார். 120. பழுப்பு வெள்ளையில் துளி மாவு, காற்றடித்தால் பறந்துவிடும். சின்னவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினான். இனி ஒரு மணி நேரம் இங்கேயே உட்கார வேண்டும்.

காத்திருந்தபோது பக்கத்து நாற்காலி அம்மா ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவர் பெண்ணுக்கு ஒமாலிசுமாப் ஊசி. ஐஜிஇயையே பிடித்துக் கட்டிவிடும் மருந்து, 2024 பிப்ரவரியில்தான் உணவு ஒவ்வாமைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆய்வில் அந்த ஊசி போட்ட பிள்ளைகளில் 67 சதவீதம் பேர் 600 மில்லிகிராம் கடலைப் புரதத்தைத் தாங்கினார்கள், வெற்று ஊசி போட்டவர்களில் 7 சதவீதம். அந்தப் பெண்ணுக்குக் கடலையோடு பாலும் முந்திரியும் ஆகாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாவு என்று ஏற முடியாதவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் ஊசியை நிறுத்தினால் பாதுகாப்பு போய்விடும். எங்கள் மாவும் அப்படித்தான், தினமும் தொடர வேண்டும். மிகச் சின்ன வயதில் ஆரம்பித்தால் சிலருக்கு நிறுத்திய பிறகும் நிலைக்கிறது. நான்கு வயதுக்குள் தொடங்கிய பிள்ளைகளில் 71 சதவீதம் பேர் சிகிச்சையின் முடிவில் தாங்கினார்கள், நிறுத்தி ஆறு மாதம் கழித்தும் தாங்கியவர்கள் 21 சதவீதம் என்று 2022 ஆய்வு சொல்கிறது. சின்னவனுக்கு ஆறு. பரவாயில்லை. தெரியாமல் ஒரு பருப்பு வாயில் போனாலும் அவன் மூச்சு நிற்கக் கூடாது, எனக்கு வேண்டியது அதுதான்.

இருபதாவது நிமிடத்தில் உதட்டோரம் ஒரே ஒரு தடிப்பு. என் கை தோள்பையின் உறைக்குள் போய்விட்டது. செவிலியர் வந்து, சட்டையைத் தூக்கி வயிறு, முதுகு பார்த்து, மூச்சு கேட்டு, "காத்திருப்போம்" என்றார். காத்திருந்தோம். அதற்குள் கைப்பேசியில் நான் எடுத்த படங்களைக் காட்டினேன். மஞ்சள் பூவைப் பெரிதாக்கிப் பார்த்தான். விழுதைத் தொட்டு, "இது ஏன் கீழ போகுது?" என்றான்.

"காய் வைக்கிறதுக்கு."

"மேலயே வச்சா என்ன?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏதென்ஸ் பெண்ணிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நாற்பதாவது நிமிடத்தில் தடிப்பு மங்கியது. பத்தரைக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல் ஏதும் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து 160.